கறுப்பு வண்டியில் அப்பாவின் வட்டங்கள்

அண்ணன் கறுப்பு நிறத்தில் கார் எடுத்தபோது ஷோரூம்காரரே தடுத்துப் பார்த்தார். "கறுப்ப வச்சுக் கட்டி மேய்க்க முடியாது சார், விரல் பட்டாலும் காட்டிக் குடுத்துரும்" என்றார். அண்ணன் கேட்கவில்லை. குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவன், நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாதவன். பெண் பார்க்கப் போகும்போது கறுப்பு வண்டியில் போய் இறங்கினால் தனி மரியாதை என்று யாரோ ஏற்றிவிட்டிருந்தார்கள். போய் இறங்கினான். எல்லாப் பெண் வீட்டுக்காரர்களுக்கும் வண்டியைப் பிடித்திருந்தது.

நான் அப்போதும் இப்போதும் அப்பா வீட்டில்தான் இருக்கிறேன். கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ. எனக்குத் தென்காசியில் பள்ளிக்கூட வேலை. வீடு குற்றாலம் போகிற ரோட்டில் இருப்பதால் அண்ணனும் இங்கேயே. அம்மா காலமாகி வெகுநாளாயிற்று. ஆக வீட்டில் நான், அண்ணன், அப்பா, பிறகு அந்த வண்டி. மரியாதை என்று பார்த்தால் வரிசையைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்.

கறுப்புப் பெயிண்டின் எதிரி கல்லும் ஆணியும் அல்ல, துடைக்கிற துணி என்று அண்ணன் சொல்வான். தூசியோடு துடைத்தால் தூசியே அரம் ஆகிவிடும். வட்டமாகத் துடைத்தால் வட்டம் வட்டமாக மெல்லிய கீறல் விழும். நிழலில் தெரியாது, வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை மாதிரி எழுந்து நிற்கும். அதனால் இரண்டு வாளி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் அலசுகிற தண்ணீர். தேய்ப்பது நேர்கோட்டில் மட்டும். துணி தரையில் விழுந்துவிட்டால் அது அடுப்படிக்கு வந்துவிடும். எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்த அத்தனை கரித்துணியும் விலை உயர்ந்த மைக்ரோஃபைபர்தான். கவர் போடலாமே என்றால், சீசன் காற்றில் கவர் அடித்துக்கொண்டு அதுவே உரசும் என்பான்.

பண்பொழி முருகன் கோயிலுக்குப் பூசை போடக் கொண்டுபோனபோது நானும் கூட இருந்தேன். அர்ச்சகர் திருநீற்றை அள்ளி பானெட்டில் பட்டை போடப் போனார். அண்ணன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் பாய்ந்தான். "சாமி, கண்ணாடில போடுங்க. பெயிண்டுல வேண்டாம், திருநீறு நறநறன்னு இருக்கு." அர்ச்சகர் தட்டைக் கீழே இறக்கிவிட்டு, "முருகன் கை பட்டாக்கூடக் கீறிரும்போல" என்றார். அண்ணன் அதை மறுக்கவில்லை.

குற்றாலத்துக்கு வண்டியைக் கொண்டுபோகவே மாட்டான். எண்ணெய் தேய்த்த உடம்போடு எவனாவது சாய்ந்துவிடுவான்; குரங்கு வேறு. பழைய ஸ்கூட்டரில்தான் லாட்ஜுக்குப் போவான். வண்டி வீட்டில், போர்ட்டிகோவில், அப்பா உட்காருகிற நாற்காலிக்கு எதிரே நிற்கும்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டேஷனில் அவருடைய வலது கைக்கென்று ஒரு பெயர் இருந்தது. வீட்டிலும் அதே கைதான். அண்ணனுக்கு இடது காது சரியாகக் கேட்காது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மதிப்பெண் குறைந்ததற்கு விழுந்த ஒரே அறை. டாக்டரிடம் மாடிப்படியில் விழுந்துவிட்டான் என்று அப்பா சொன்னார். எங்களுக்கு அப்போது மாடியே கிடையாது. என்னை அடித்ததில்லை. பெண் பிள்ளை என்பதால் ஏச்சோடு விட்டார். அந்த ஏச்சும் லேசானதில்லை.

போன வருடம் சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் மொத்தமும் போயிற்று. கால் மெதுவாகத் திரும்பியது, கம்பு ஊன்றி நடந்தார். பேச்சு பாதி திரும்பியது. கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து அது வேறு யாருடையதோ போலத் தொங்கியது. இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். எங்களிடம் தண்ணீர் கேட்டதைவிட அந்தக் கையைத்தான் அதிகம் கேட்டார். "கை வருமாட்டி?" விடிந்தால் அதுதான். டாக்டரிடம், எண்ணெய் தடவ வந்தவரிடம், பால் ஊற்ற வந்தவரிடம்கூட. அதற்கு முன் அவர் எதையும் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வாரா வாரம் வருவாள். கடையத்துக்காரி, சின்ன வயது, அப்பாவிடம் பயமே கிடையாது. மேசையில் துண்டை விரித்து, அவர் வலது கையை அதன் மேல் வைத்தாள். "தாத்தா, நல்ல கையால இதப் புடிச்சுக்கிட்டு வட்டமா தேய்ங்க. முதல்ல சாசர் அளவு போதும். அப்புறம் தட்டு அளவு. மேசை பத்தலன்னு நீங்க சொல்லணும், அந்த அளவுக்கு வட்டம் பெரிசாகணும்." அப்பா எங்கள் முன்னால் செய்ய மாட்டார். மேசை துடைக்கிற வேலையா என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தப் பெண்ணும் அக்காவின் பிரசவத்துக்காக ஊருக்குப் போய்விட்டாள். பயிற்சி அத்தோடு நின்றது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

சாரல் தொடங்கியது. நல்ல சீசன். அண்ணன் விடிந்ததும் லாட்ஜுக்குப் போனால் இருட்டித்தான் வருவான். வண்டியைக் கழுவ நேரமில்லை. நான் பள்ளிக்கூடம். சமையல் செய்யும் அக்கா காலையில் வந்து போய்விடுவாள். பகல் முழுவதும் அப்பாவும் வண்டியும்தான். வானம் மூடியே கிடந்தது. ஒரு நாள் ஸ்கூட்டரை நிறுத்தும்போது அண்ணன் சந்தோஷமாகச் சொன்னான், "பாத்தியா, இத்தன நாள் கழுவல, தூசியே படியல. போர்ட்டிகோ கட்டுனது வீண்போகலட்டி." அப்பா நாற்காலியில் இருந்தார். தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

சீசன் முடிந்து முதல் வெயில் அடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் வண்டியை வெளியே எடுத்து நிறுத்தினான். பானெட்டின் மேல் குனிந்து பார்த்தான். பிறகு, "ஏட்டி, இங்க வா" என்றான். போனேன். பானெட் முழுக்க வட்டம். வட்டத்துக்குள் வட்டம், அதன் மேல் வட்டம். ஓரத்தில் சின்னதாகத் தொடங்கி நடுப்பக்கம் வரவரப் பெரிதாகி, கண்ணாடி வரைக்கும் போயிருந்தது.

"யாரு தொட்டது?"

"உன் வண்டியத் தொட்டுக் கும்பிடுதேன்னு எனக்கு நேர்ச்சையா?" என்றேன்.

சமையல்கார அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தான். அவள் அழாக்குறையாக, "நான் எதுக்குப்பா அங்கன வாறேன், எனக்கு அடுப்படில வேலையில்லையா" என்றாள். அடுத்த வீட்டுக்காரர்களைச் சுவர் வழியாக ஏசினான். பூனையை ஏசினான். குரல் ஏற ஏற முகமெல்லாம் சிவந்தது.

"நாந்தாம்லே" என்றார் அப்பா.

கம்பை ஊன்றி எழுந்து வந்தார். தோளில் கிடந்த தேங்காய்ப்பூ துண்டை இழுத்து பானெட்டில் போட்டார். தோளை ஒரு எக்கு எக்கி வலது கையை அதன் மேல் ஏற்றினார். இடது கை கம்பில் இருந்தது, உதவிக்கு வரவில்லை. "பாருலே" என்றார். அந்தக் கை தானாக நகர்ந்தது. மெதுவாக ஒரு சுற்று. நின்று, இன்னொரு சுற்று. சத்தம் போட்டுச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். மதிப்பெண் அட்டையை நீட்டிவிட்டு நிற்கிற பிள்ளையின் முகம் அவருக்கு இருந்தது. அந்த முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததேயில்லை.

அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் கீழே விட்டான். கை தொப்பென்று தொடையில் விழுந்தது.

"அறிவிருக்காப்பா ஒங்களுக்கு? எடம் வேற கெடைக்கலயா? அடிச்சு அடிச்சே கெட்ட கை, விழுந்தா விழுந்ததாவே கெடக்க வேண்டியதுதான." அத்தோடு நிறுத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் கிட்டே போய்ச் சொன்னான், "இது விழுந்த அன்னைக்குத்தான் நான் நிம்மதியாத் தூங்குனேன். தெரியுமா?"

துண்டை எடுத்துத் தெருவில் எறிந்தான். எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அறைந்திருந்தால் நானும் இந்தக் குடும்பம்தான் என்று உறுதியாகியிருக்கும், அடக்கிக்கொண்டேன். அப்பா திரும்பிக் கம்பை ஊன்றி உள்ளே போனார்.

அண்ணன் வட்டங்களை எல்லாக் கோணத்திலும் போனில் படம் எடுத்து திருநெல்வேலியில் ஒரு பாலிஷ்காரருக்கு அனுப்பினான். வண்டி போய், மிஷின் வைத்துத் தேய்த்து, கண்ணாடி மாதிரி திரும்பி வந்தது. ஒரு கோடு இல்லை. வண்டியைச் சுற்றி நைலான் கயிறு கட்டினான். அப்பாவின் நாற்காலியைப் பின்பக்கம், துணி துவைக்கிற கல் அருகே கொண்டுபோய்ப் போட்டான். அங்கே பார்க்க ஒரு முருங்கை மரம்தான் உண்டு.

கடையத்துப் பெண் திரும்பி வந்தபோது கை பழையபடி மடியில் கிடந்தது. தூக்கிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "படம் இருக்கு" என்று சொல்லி, மாலையில் வந்த அண்ணனிடமிருந்து போனை வாங்கிக் கொடுத்தேன். அவள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்துகொண்டே போயிற்று.

"யக்கா, இங்கன பாருங்க. இது ரெண்டு கையும் சேத்து வச்சுப் போட்டது, ஆட்டமே இல்ல. இங்கன வந்தா கோணுது, அப்ப ஒத்தக் கை. இந்தா, கண்ணாடிகிட்ட போயிருக்கு பாருங்க, முழங்கை நீளாம இது வராது. தோளும் தொறந்துருக்கு." பிறகு அண்ணனைப் பார்த்து, "சார், இவ்வளவு தூரம் வந்த கை. விடாமச் செஞ்சா சோறு அள்ளிச் சாப்பிடுவாரு. இப்படியே போட்டா இறுகிரும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. அந்த எடத்துலயே செய்யச் சொல்லுங்க" என்றாள்.

அண்ணன் போனை வாங்கி, பாலிஷ்காரருக்காக எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று இரவு சாப்பிடவில்லை.

மறுநாள் காலை லாட்ஜுக்குப் போகாமல் பின்பக்கம் போனான். அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தான். கயிற்றை அவனே அவிழ்த்தான். நாற்காலியை பானெட்டை ஒட்டிப் போட்டு உட்கார வைத்தான். "செய்யுங்கப்பா" என்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதில் நடிப்பு இல்லை. அவன் அழுதால் எனக்குத் தெரியும். பிறகு உறையைப் பிரித்து ஒரு புது மைக்ரோஃபைபர் துணியை எடுத்தான். நாலாக மடித்து பானெட்டில் விரித்து, அப்பாவின் கையை அதன் மேல் பதமாக வைத்தான்.

அத்தோடு விட்டிருக்கலாம்.

"நேரா மட்டும் தேய்ங்கப்பா. மேலயும் கீழயும். வட்டமா வேண்டாம்" என்றான்.

அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். வாயின் நல்ல பக்கம் மட்டும் சிரித்தது. இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்து எடுத்து, மடியில் வைத்துக்கொண்டார்.

"போதும்லே" என்றார்.

அண்ணன் கெஞ்சினான். எப்படி வேண்டுமானாலும் தேய்க்கச் சொன்னான், தேங்காய்ப்பூ துண்டைக் கொண்டுவந்து போட்டான், காலைப் பிடித்தான். நானும் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண் பாசமாகவும் அதட்டியும் பார்த்தாள். கையை மேசையில்கூட வைக்கவில்லை. பெரியவர் மனசு விட்டுட்டார் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு என் அப்பாவைத் தெரியும். அவர் மனசு எதையும் விடவில்லை.

அந்த வாரமே கரண்டியையும் தள்ளி வைத்தார். இடது கையால் இனிமேல் சாப்பிட முடியாது என்றார். நான் ஊட்டப் போனால் வாயைத் திறக்க மாட்டார். அண்ணன் ஊட்ட வேண்டும். மத்தியானம் லாட்ஜில் கூட்டம் எவ்வளவு இருந்தாலும் அவன் ஸ்கூட்டரில் வந்து, சோற்றைப் பிசைந்து, உருட்டி ஊட்டிவிட்டுப் போகிறான். அப்பா அவன் முகத்தைப் பார்த்தபடி மென்று மென்று சாப்பிடுகிறார். அவசரமே படுவதில்லை. விரல்கள் உள்ளே மடங்கி இறுகிவிட்டன. நகம் வெட்டுவதற்கே ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. கடையத்துப் பெண் வருவதை நிறுத்திக்கொண்டாள். வண்டியில் இன்றைக்கும் ஒரு கீறல் கிடையாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊட்டி முடித்து அடுப்படியில் கை கழுவும்போது அண்ணன் என்னிடம் கேட்டான், "ஏட்டி, கை வந்துருக்கும்தான? வேணும்னேதான் வேண்டாம்னுட்டாரு?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வயசாயிற்று, நோய் அப்படி என்று ஏதாவது சொல்லி அவனைத் தேற்றி அனுப்பியிருக்கலாம். கேட்கிற காதுப் பக்கமாகப் போய் நின்றேன்.

"ஆமா" என்றேன்.