சுவரில் ஒரு பல்லி

படப்பிடிப்புத் தளத்தில் அவரை முக்கால்வீடு என்றுதான் கூப்பிடுவார்கள். சினிமாவுக்கு வீடு கட்டும் தச்சர் அவர். அந்த வீடுகளுக்கு மூன்று சுவர்தான் உண்டு. நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா நிற்கும். காலம் முழுக்க முக்கால் வீடாகவே கட்டியவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கல்யாணமான புதிதில் அந்தப் பெயரைக் கேட்டு அவர் மனைவிக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நாளில் அவளே, "முக்கால்வீட்டுக்கு டீ கொடுத்தாச்சா?" என்று மகளிடம் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு வேலையை ஒப்புக்கொண்டால் அவர் முதலில் கேட்பது அளவோ நிறமோ இல்லை. "யாரு எங்கேருந்து பாக்கறாங்க?" என்பார். அது தெரிந்தால்தான் அவருக்குக் கை ஓடும்.

ஒருமுறை, பேச்சு நின்றுபோன ஒரு புருஷன் பெண்டாட்டி கதைக்கு வீடு கட்டினார்கள். முதலில் விசாலமாகத்தான் கட்டினார். ஒத்திகை பார்த்தால் நடிகர்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் சௌகரியமாகக் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் ஒரு பெண். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "அண்ணே, சமையலறைக்குப் போற நடையை ஒடுக்கிடுங்க" என்றாள். அவரும் ஒடுக்கினார். இப்போது ஒருத்தி வந்தால் மற்றவன் மூச்சை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாக வேண்டும். அன்று பேசுவதாக இருந்த வசனம் அத்தனையும் வேண்டாமென்று போயிற்று. அவன் ஒதுங்கிய விதத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு சுவரை ஒரு முழம் தள்ளினால் கதை எப்படி இடம் மாறுகிறது என்று அவர் அன்று முழுக்க அதிசயப்பட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னதற்கு அவள் கேட்டது ஒன்றுதான்: "வசனம் எழுதினவன் என்ன ஆனான், பாவம்?"

இருவரும் சேர்ந்து படம் பார்க்கப் போனாலும் இதே கூத்துதான். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்பாள், இவர் காதோரம் குனிந்து, "அந்த மாடிப்படி எங்கேயும் போகலை, கவனிச்சியா?" என்பார். "ஆள் செத்துக் கிடக்கான், உங்களுக்கு மாடிப்படி" என்று அவள் முழங்கையால் இடிப்பாள்.

அப்படிப்பட்டவள், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. வீட்டுக்கு அழைத்து வந்து படுக்கையறையில் கட்டிலைச் சமையலறைச் சுவரோடு ஒட்டி மூலைக்குத் தள்ளிப் போட்டார்கள். அப்போதுதான் வாக்கரோடு நடக்கத் தரையில் இடம் கிடைக்கும். எல்லாம் முறையாகத்தான் செய்தார்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் ஒரு மடித்த துண்டு, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். ஆனால் நடக்க வேண்டியவள் உட்காரக்கூட மாட்டேன் என்றாள். அதைவிட விபரீதம், பேச்சை நிறுத்திவிட்டாள். தெருவில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பதைப் பார்க்காமலே சொல்லக்கூடியவள், கேட்டதற்கு "ம்" என்றாள். கேட்காததற்கு அதுவும் இல்லை.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோ பெண் ஒளிக்காமல் சொன்னாள். "எலும்பு சேர்ந்துடும், அதுல கவலை இல்லை. ஆனா படுத்தே இருந்தா காலுல சதை கரைஞ்சிடும், நெஞ்சுல சளி கட்டும், முதுகுல புண் வரும். முதல்ல உக்காரணும். அதுக்கு அவங்களுக்கே மனசு வரணும்."

மகள் வேறு ஊரில் இருக்கிறாள், கண்டிப்பானவள். ஃபோனில் கேட்டுவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை வண்டியோட வரேன். அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். உங்களால முடியாதுப்பா" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். மகள் வீட்டில் வசதி உண்டு, ஆள் உண்டு, மறுக்க என்ன இருக்கிறது? ஆனால் பேசாமல் போகிறவள் திரும்பி வருவாளா?

மனைவியிடம் போய், "எழுந்து உக்காரேன்மா, கொஞ்ச நேரம்" என்றார்.

"உக்காந்து?"

"என்ன உக்காந்து?"

"உக்காந்து எதைப் பாக்கணும்?"

பல நாளுக்குப் பிறகு அவள் பேசிய முழு வாக்கியம் அது. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். எதைப் பார்க்கிறாள்? ஊரார் வீட்டுக்கெல்லாம் கேட்கிற கேள்வியைத் தன் வீட்டுக்கு ஒருநாளும் கேட்டதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, எக்ஸ்ரே எடுக்க பிசியோ பெண் அழைத்துப் போனாள். வீடு காலியானதும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மனைவியின் கட்டிலில் ஏறிப் படுத்தார். அவள் தலை வைக்கிற பள்ளத்தில் தலையை வைத்து, கண்ணைத் திறந்தார்.

மின்விசிறி. அலமாரியின் பக்கவாட்டு. அதற்கப்புறம் கதவு. திறந்த கதவு மூலையை மறைத்துக்கொண்டு நின்றது. கூடம் தெரியவில்லை, வாசல் தெரியவில்லை, அறைக்குள் யார் வந்தாலும் கதவைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் தெரியும். கதவின் முதுகில் ஒரு கை நீளத்துக்கு அம்புக்குறி போட்டு, சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது: "பேய் இங்கே."

அம்புக்குறி நேராக அவர் படுத்திருந்த இடத்தைக் காட்டியது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. அந்தக் கதவு ஒரு பேய்ப்படத்துக்காக அவரே செய்தது. படப்பிடிப்பு முடிந்ததும் உடைக்க மனசில்லாமல், நிலையோடு பெயர்த்துக் கொண்டுவந்து வீட்டில் மாட்டிவிட்டார். நல்ல மரம், கூடத்திலிருந்து பார்க்க லட்சணமான கதவு. பின்பக்கம் வெறும் பலகை. கேமரா பார்க்காத பக்கத்துக்கு யார் மெருகு போடுவார்கள்? கதவைத் திறந்ததும் அறை காலியாகத் தெரிய வேண்டும், பேய் கதவுக்குப் பின்னால் மூலையில் நிற்க வேண்டும் என்பது அந்தப் படத்தின் ஏற்பாடு. அதற்குத் தோதாகக் கீலை அந்தப் பக்கம் வைத்து, பேய் வேஷக்காரர் நிற்க வேண்டிய இடத்துக்கு அடையாளமாகப் பின்னால் எழுதியும் வைத்திருந்தார். வீட்டிலும் அப்படியே மாட்டினார். இத்தனை வருஷமும் எழுத்தின் மேல் துணிமணி தொங்கியது. நோயாளி அறையில் தூசி கூடாதென்று துணிகளை எடுத்துவிட்டார்கள். கட்டிலையும் பேய் நின்ற மூலையிலேயே கொண்டுபோய்ப் போட்டார்கள்.

மனைவி திரும்பி வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கதவுல எழுதியிருக்கறதைப் பாத்தியா?"

"தினமும் அதைத்தானே படிக்கறேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"என்ன சொல்றது? எழுதினவருக்குத் தெரியாதா?"

அவர் திருப்புளியைத் தேடி எடுத்தார். "கீலை மாத்தி மாட்டிடறேன். கூடம் முழுக்கத் தெரியும் உனக்கு."

"தெரியும். கூடத்துல இருக்கறவங்களுக்கும் நான் தெரிவேன்" என்றாள் அவள். "பெட்பேன் வைக்கும்போது கேஸ்காரன் வந்தா, அவனையும் உள்ள கூப்பிட்டு உக்கார வைங்க."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். தான் தெரியாமல் அவள் மற்றவர்களைப் பார்க்க வேண்டும். அட, இது கேமராவின் கஷ்டமல்லவா! அதற்குத் தளத்தில் ஒரு வழி உண்டு. சுவரில் ஒரு சதுரம் வெட்டி, அதன் மேல் ஒரு படத்தை மாட்டிவிடுவார்கள். வேண்டும்போது படத்தை ஒதுக்கினால் பின்னாலிருந்து கேமரா எட்டிப் பார்க்கும். தச்சர்கள் அந்த ஓட்டையைப் பல்லி என்பார்கள். மாட்டிய படத்துக்குப் பின்னால் வேறு என்ன இருக்கும்? "இந்தச் சுவர்ல ஒரு பல்லி விடுப்பா" என்றால் எல்லோருக்கும் புரியும்.

கட்டிலை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. பின்கதவும் அங்கேதான், பக்கத்து வீட்டார் பேச வருவது அந்த வழியாகத்தான். அவள் படுத்திருக்கும்போது கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் பென்சிலால் கோடு போட்டார். அவளை மறுபக்கம் நகர்த்தி, துப்பட்டியால் மூடி, சமையலறைக்குப் போய் உளியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

முக்கால்வீட்டின் சுவர்களுக்குப் பின்னால் முட்டுக்கட்டையையும் காற்றையும் தவிர ஒன்றும் இருந்ததில்லை. சுவருக்குள்ளே ஏதாவது இருக்கும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. செங்கல் பெயர்ந்தது, அடுத்த அடியில் உளி 'ணங்' என்றது. இதென்ன சத்தம் என்று ஆவலோடு இன்னும் ஓங்கி ஒன்று வைத்தார். தண்ணீர் பீறிட்டு அவர் முகத்தில் அடித்து, அடுப்பை நனைத்து, எதிர்ச் சுவரில் போய் விழுந்தது.

"ஐயையோ! குழாய்! குழாய்!" என்று கையால் பொத்தினார். விரலிடுக்கு வழியாக நாலு பக்கமும் சீறியது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "கையை வச்சு என்ன பண்றீங்க? போய் வால்வை மூடுங்க!"

"எங்கே இருக்கு அது?"

"இந்த வீட்டுல எத்தனை வருஷமா இருக்கீங்க? வெளியில, தொட்டிக்குப் பின்னால! வலப்பக்கமாத் திருப்புங்க! மஞ்சள் பிடி இல்லை, அது பக்கத்து வீட்டுது! அதை மூடினா அந்தம்மா கத்தும்!"

அவர் ஓடினார். மஞ்சளைத்தான் முதலில் மூடினார். பக்கத்து வீட்டம்மா கத்தினாள். இவளும் கத்தினாள். ஒருவழியாகத் தண்ணீர் நின்றபோது சட்டை சொட்டச் சொட்ட அறைக்குள் வந்து, "இங்க குழாய் போகுதுன்னு நீ முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார்.

"நீங்க ஷூட்டிங்னு போயிருந்தப்ப நான்தான் ஆளைக் கூட்டிட்டு வந்து போட்டேன். சுவத்தை உடைக்கப் போறேன்னு நீங்க சொன்னீங்களா?" முகம் சிவந்து, மூச்சு வாங்க, அவள் திட்டினாள், திட்டினாள். அவர் ஈரத்தோடு நின்று அத்தனையையும் கேட்டுக்கொண்டார். நிறுத்தச் சொல்ல அவருக்கு மனசில்லை.

குழாய் பழுதுபார்க்க வந்தவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த மட்டத்துல ஓட்டை வைக்க முடியாது சார். வேணும்னா குழாய்க்கு மேல வெட்டிக்கங்க."

மேலே வெட்டினால் படுத்தபடி பார்க்க முடியாது. முக்கால்வீட்டுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அன்று பயிற்சிக்கு வந்த பிசியோ பெண்ணிடம் புலம்பினார். அவள் ஓடிவந்து சுவரைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி, உட்கார்ந்தால் கண் வரும் உயரத்தில் தானே கோடு போட்டாள். "இங்கேதான் வேணும். ஒரு இஞ்ச்கூடக் கீழ வராதீங்க."

அவர் இந்தத் தடவை தட்டித் தட்டிப் பார்த்து வெட்டினார். கட்டில் பக்கம் சின்னதாக ஒரு கதவு வைத்தார். அதன் தாழ்ப்பாள் அவள் கையில். சமையலறைப் பக்கம் பழைய கடல் படம் ஒன்றை, தள்ளினால் ஒதுங்கும்படி மாட்டினார்.

முடித்துவிட்டுப் பால் வைக்கப் போனார். பொங்குகிற சத்தம் கேட்டு அவள், "பாலு! பாலு!" என்றாள். இவர் தொட்டிப் பக்கம் போயிருந்தார். பிறகு கட்டில் முனகியது. வலியில் ஒரு "அம்மாடி", தலையணை நகர்கிற சத்தம், தாழ்ப்பாள். அவர் உள்ளே ஓடி வந்தபோது கடல் ஒதுங்கி, கலைந்த தலையோடு ஒரு முகம் தெரிந்தது.

"அடுப்பெல்லாம் பால். வந்து துடைங்க" என்றது அது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து நேரே சமையலறைக்குப் போனாள். அப்பா வைத்திருக்கிற கோலத்தைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டு டப்பாக்களை ஒழுங்கு பண்ண ஆரம்பித்தாள்.

"சர்க்கரையை அங்க வைக்காதேடி, எறும்பு வரும்."

மகள் டப்பாவைக் கீழே போட்டுவிட்டு அலறினாள். சுவரில், கடலுக்குப் பக்கத்தில் அம்மாவின் முகம் இருந்தது.

"அப்பா! என்ன இது?"

"பல்லி" என்றார் அவர், கூடத்திலிருந்து.

மகளுக்குப் படபடப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. பிறகு வந்த வேலையைப் பார்க்க உட்கார்ந்தாள். "துணியெல்லாம் எடுத்து வைக்கட்டுமா? உனக்குத் தனி ரூம் தயார் பண்ணியிருக்கேன். ஏசி இருக்கு, டிவி இருக்கு."

"சுவத்துல பல்லி இருக்கா?"

"சீச்சீ! எங்க வீட்டுல பல்லியே கிடையாது."

"அப்ப நான் வரலை" என்றாள் அம்மா.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையில் சிந்தியிருந்த சர்க்கரையை மும்முரமாகக் கூட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் பின்கதவுப் பக்கம் யாரோ பேசும் சத்தம் கேட்டது. அம்மா ஓட்டைக்குள் கழுத்தை நீட்டி இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"அடுப்பு தெரியுது, அலமாரி தெரியுது, பின்கதவுல நிக்கறது யாருன்னு தெரியலையே."

அவர் துடைப்பத்தை வைத்துவிட்டு உளியை எடுக்கப் போனார். "அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் வெட்டிடவா?"

"வேண்டாம் சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் அவள். "அந்த வாக்கரைக் கொண்டாங்க. நானே போய்ப் பாத்துக்கறேன்."