சாமைக் கட்டுரையும் சாப்பாட்டு ஜெபமும்

ஆண்டவருடைய பிள்ளைகளே, நான் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. அப்படிப்பட்ட என் வீட்டிலும் ஒரு ஜெபத்துக்குப் பதில் வந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம், புரட்டாசி மாசம். கல்வராயன் மலையில் விளையும் சாமையைப் பற்றிய என் ஆய்வேட்டை அந்த மாசத்துக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அச்சில் வந்த கட்டுரைகளையே அத்தியாயங்களாகச் சேர்க்கலாம் என்று அனுமதி இருந்தது. முக்கியமான கட்டுரையில் என் பெயரோடு கருணாகரன் பெயரும் இருந்தது. எனக்கு அடுத்த வருஷம் சேர்ந்தவன், மலையடிவாரத்து ஊர்க்காரன். 'இதை என் ஆய்வேட்டில் வைக்கமாட்டேன்' என்று அவன் எழுதித் தரவேண்டும். ஒரு கட்டுரை ஒருவருக்குத்தான். யார் முந்திக் கொடுக்கிறாரோ அவருக்கே அது.

அதைக் கேட்டு ஆள் அனுப்பினேன். பதில் இல்லை. "மோசம் பண்ணப்போறாம்மா" என்று அம்மாவிடம் அழுதேன். 'ஆண்டவரே, அவன் கையைக் கட்டிப்போடும்' என்றுதான் ஜெபித்தேன். வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

ஒருநாள் மத்தியானம் கள்ளக்குறிச்சி போகிற பஸ் எங்கள் வடக்கனந்தலிலேயே நின்றுவிட்டது. முன்னால் ரோட்டில் போராட்டக்காரர்கள் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்களாம். இறங்கியவர்களில் கருணாகரனும் இருந்தான். தோளில் கனத்த பை. பஸ் ஸ்டாப்பில் நின்ற என்னையும் அம்மாவையும் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போனது. ஆய்வேட்டைக் கொடுக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன்.

அம்மா விடவில்லை. "வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிற தம்பி? வூட்டுக்கு வா, ஒரு வாய் சாப்புடு."

எங்கள் வீட்டில் விருந்தாளியின் பெயரைச் சொல்லி ஜெபித்த பிறகுதான் சோற்றில் கை வைப்போம். அம்மா கண்மூடி, "அப்பா, கருணாகரன் தம்பி பாடுபட்டுப் படிச்சிக்கினு இருக்குது. அது எழுதனது நல்லபடியா போய்ச் சேரணும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்காக ஜெபிக்கிறார் பாருங்கள்! நான் கண்ணையே மூடவில்லை. அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் சோற்றைத் தொடவில்லை. "அக்கா, நம்ம கட்டுரைய என்னுதுல சேத்துட்டேன். குடுக்கத்தான் போய்க்கினு இருந்தேன்" என்று உடைந்து அழுதான். பையிலிருந்து ஆய்வேட்டை எடுத்து, அந்த அத்தியாயத்தை மட்டும் பிரித்து அம்மா கையில் கொடுத்தான். "எனக்கு இன்னும் ஒரு வருஷம் கீது. வேற எழுதிக்கிறேன்." அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டான். நான் அதைத் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ரோடு திறந்ததும் ஆய்வேட்டைக் கொடுத்தேன். பட்டமும் வந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! என் சந்தேகம் சரிதான், ஜெபம்தான் தப்பு. அம்மாவின் ஜெபத்துக்குத்தான் அவன் மனம் இளகியது.

இப்போது யார்மேல் சந்தேகம் வந்தாலும் அவர் பெயரைச் சொல்லியே சாப்பாட்டுக்கு ஜெபிக்கிறேன். சில நாள் சோறே ஆறிப்போகிறது. நீங்களும் ஒருவரை நம்ப முடியாமல் தவிக்கிறீர்களா? அவரை நம்ப வேண்டாம். அவருக்காக ஆண்டவரை நம்புங்கள்.