எங்கே போனார் என்று கேட்டவள்

மின்விசிறி ஆலையின் சோதனை அறையில் அவளுக்கு வேலை. ஓடும் மோட்டாரின் பக்கம் தலையைச் சாய்ப்பாள். உள்ளே பேரிங் லேசாக உரசினாலும் சிவப்புச் சீட்டை ஒட்டி ஒதுக்கிவிடுவாள். இருபது வருடத்தில் அவள் ஒட்டிய ஒரு சீட்டும் தப்பாகப் போனதில்லை.

அப்பேர்ப்பட்ட காதுக்காரிக்கு ஆலையில் வைத்த பெயர் 'என்னக்கா'. யார் எதைச் சொன்னாலும் முதலில் "என்ன?" என்பாள். சத்தம் வந்து சேரும், சொல் வந்து சேராது. நாலு பேர் கூடிப் பேசினால் எல்லாம் குழம்பிப்போகும். மற்றவர்கள் சிரிக்கும்போது அவளும் சிரித்து வைப்பாள்.

அவளுடைய அப்பா, அவள் தங்கையின் வீட்டில் இருந்தார். ஒரு மத்தியானம் ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டும் கரண்டியும் மோதிக்கொள்வது மண்டைக்குள் ஆணி அடிப்பதுபோல் இருந்தபோது தங்கை போன் செய்தாள். மூச்சுவிடாமல் என்னென்னவோ சொன்னாள். பிடிபட்டது இவ்வளவுதான்:

"அப்பா போயிட்டாரு."

"எங்க போனாரு?"

லைன் துண்டானது. கடைகண்ணிக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, சாப்பிட்டுக் கை கழுவி வேலைக்குத் திரும்பினாள். ஒரு மணி நேரம் கழித்துத் தங்கையின் கணவர் நேரில் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது.

சாவு வீட்டில் அத்தனை பேரின் ஓலமும் காதைக் கிழித்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பின்வாசலில் போய் நின்றாள்.

"எங்க போனாருன்னு கேட்டாளாம். இப்ப காதையும் பொத்திக்கிறா பாரு, கல்லு!" என்றாள் அத்தை.

அந்தச் சொற்கள் அவளுக்கு எட்டவில்லை. அத்தையின் முகமே எல்லாவற்றையும் சொன்னது. அப்போதும் அவள் மனசுக்குள் ஒன்றும் அசையவில்லை.

தங்கை மூன்று மாதம் பேசவே இல்லை. அதன் பிறகு ஒருநாள் ஆலையில் எல்லோருக்கும் காது சோதனை நடந்தது. எல்லாச் சத்தமும் கேட்டும் சொன்னது பிடிபடாத அவளை மட்டும் மறுபடி வரச்சொல்லி, இன்னும் சில சோதனைகள் செய்து, டாக்டர் விளக்கினார். "என்ன?" என்றாள். அவர் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்: காது மிகக் கூர்மை; கேட்கும் பேச்சைப் பிரித்தறிவதில்தான் மூளைக்குச் சிரமம்; பிறவியிலிருந்தே இருக்கலாம்.

அந்தத் தாளைத் தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். தங்கை இரண்டு தடவை படித்தாள்.

"இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாக்கா?"

"எனக்கே தெரியாதேடி. எல்லாருக்கும் இப்படித்தான் கேக்கும்னு நெனச்சேன்."

தங்கை எழுந்துபோய் டிவியை அணைத்தாள், ஜன்னலைச் சாத்தினாள். எதிரே வந்து உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"சாப்பிட்டாரு. கட்டில்ல சாஞ்சாரு. நான் போய் எழுப்பினேன். எழுந்திருக்கல."

ஒரு சொல் சிந்தாமல் கேட்டது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"புரியலயா? இன்னொரு தடவ சொல்லட்டுமாக்கா?"

"வேண்டாம். புரிஞ்சிருச்சு."

தங்கைதான் அழுதாள். இவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.