செருப்பைக் கழற்றிவிட்டுப் பார்த்த படம்

இப்போது வருகிற படங்களைப் பற்றி என்னைக் கேட்டால் முதலில் சத்தத்தைத்தான் சொல்வேன். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரி ஓயாமல் போகிற ரோட்டை ஒட்டிக் குடியிருக்கிறவன் நான். எனக்கே காது வலிக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் கதவைத் திறந்தால் இடி இடிக்கிறது. தாயைப் பறிகொடுத்த மகன் அழுதுகொண்டே ஏதோ சொல்கிறான். என்ன சொன்னான் என்று பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்டால், அவர் போனில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது, பாதிக் கதையில் நிறுத்திவிட்டு மீதியை இரண்டாம் பாகத்தில் பாருங்கள் என்கிறார்கள். பந்தியில் உட்காரவைத்துச் சோற்றை மட்டும் போட்டுவிட்டு, குழம்புக்கு அடுத்த வருஷம் வாருங்கள் என்று சொல்வதைப் போல இருக்கிறது.

மூன்றாவது எங்கள் பக்கத்து விஷயம். ராயபுரம், எண்ணூர் என்று ஆரம்பித்தாலே ஒரு படகு, ஒரு கேரம்போர்டு, ஒரு கத்தி. நாங்கள் பேசுகிற பாஷையைப் பேசுகிறவன் ஒன்று வெட்டுகிறவனாக இருப்பான், இல்லாவிட்டால் வெட்டுப்படுகிறவனாக இருப்பான். காலையில் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டு, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு, மூன்று பேர் உட்காரும் ஷேர் ஆட்டோ சீட்டில் நான்காவது ஆளாக ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற ஜனத்தை நான் திரையில் அதிகம் பார்த்ததில்லை. போன வருஷம் அப்படி ஒரு சின்னப் படம் வந்தது. கடைசிவரை ஒருத்தரும் கத்தி எடுக்கவில்லை. எனக்குப் பிடித்துப்போய், கன்டெய்னர் யார்ட்டில் என்னோடு வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அவர்கள் போவதற்குள் தியேட்டரிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்கள்.

இவ்வளவு குறை சொன்னாலும் படம் பார்ப்பதை விட்டதில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு உலகத்தைக் காட்டியதில் கோயிலுக்கு அடுத்தபடி சினிமாதான். வெள்ளிக்கிழமை விரதம் என்பதால் படம் கிடையாது. ஞாயிறு காலை அம்மனைக் கும்பிட்டுவிட்டு, மதியக் காட்சிக்கு என் மனைவியோடு போவேன். அவள் என்னைவிட நல்ல ரசிகை. ஒரு படத்தில் கதாநாயகனின் அப்பா வந்து இரண்டு வசனம்தான் பேசியிருப்பார்.

"இந்த ஆளு பூடுவாருயா" என்றாள்.

"எப்புடி சொல்றே?"

"ரொம்ப நல்லவரா கீறாரு. இன்டர்வெல்லு தாண்ட மாட்டாரு."

தாண்டவில்லை.

எங்கள் தெருவுக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்தது இந்த வருஷம் தை மாதத்தில். அம்மன் திருவிழா ஒன்று எடுக்க வேண்டுமாம். நிஜத் திருவிழா எங்களுக்கு ஆடியில்தான். மாசம் இல்லாத மாசத்தில் பம்பை அடிக்கலாமா என்று கோயில் கமிட்டியில் பேச்சு வந்தது. கரகம் கோயிலுக்குள்ளிருந்து வரக்கூடாது, அவர்களே செய்துகொள்ளட்டும் என்று முடிவாகிச் சம்மதித்தார்கள். பிளாஸ்டிக் பூ வைத்த கரகத்தை அவர்கள் கொண்டுவந்தார்கள். பம்பைக்காரர்கள் மட்டும் எங்கள் ஆட்கள். தெருப் பெண்கள் எல்லோரும் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு கூட்டத்தில் நிற்க வேண்டும். சாமியாடுவதற்கு ஒரு நடிகையை அழைத்து வந்திருந்தார்கள்.

என் மனைவிக்குக் கல்யாணமான புதிதிலிருந்தே ஆடியில் அம்மன் வருவாள். அன்றைக்கு அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்கத் தெருவே காத்திருக்கும். ஆடியில்தானே வருவாள் என்று நாங்கள் யாரும் அதை அன்று நினைக்கவில்லை. பம்பைக்காரர்களுக்கோ நடிப்பாக அடிக்கத் தெரியாது. நிஜமாகவே அம்மனை வர்ணித்துப் பாடி நிஜமாகவே அடித்தார்கள். நடிகை தலையை விரித்துப்போட்டு ஆட ஆரம்பித்தபோது, கூட்டத்தின் ஓரத்திலிருந்து என் மனைவி ஒரு குரல் கொடுத்தாள்.

அவ்வளவுதான். காமிரா, லைட்டு எல்லாம் எங்களுக்கு மறந்துவிட்டது. ஒருத்தி ஓடிப்போய் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து காலில் ஊற்றினாள். ஒருவர் கற்பூரம் ஏற்றினார். நடிகையே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள். காமிராக்காரர் என் மனைவிக்கு நேராக ஓடினார்.

அம்மன் மலையேறியதும் டைரக்டர் என்னிடம் வந்தார். சின்ன வயசு, மரியாதையான பையன்.

"அண்ணே, பிரமாதம். அக்காவை இன்னொரு தடவை பண்ணச் சொல்லுங்க. குளோசப் ஒண்ணு வேணும்."

பூசாரிதான் பதில் சொன்னார். "நைனா, அது அக்கா இல்ல. அம்மா வந்தா, பூட்டா. கைய காட்னா திரும்ப வந்து நிக்கறதுக்கு அவ இன்னா ஷேர் ஆட்டோவா?"

எல்லோரும் சிரித்தோம். டைரக்டரும் சிரித்தார். போகும்போது என் மனைவியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதனால் எங்களுக்கு அவர்மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

வழக்கம்போல அவளுக்கு எதுவும் நினைவில்லை. வீட்டுக்கு வந்து, தலைவலிக்கு இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தவளிடம், உன்னை எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மூஞ்சி விழுந்துதா அதுல?"

"விழுந்திருக்கும். கிட்டக்க வந்து எடுத்தாங்களே."

டம்ளரை மறுபடி எடுத்து மீதி டீயைக் குடித்து முடித்தாள். பிறகுதான் சொன்னாள். "எல்லாரும் அம்மாவ பார்த்துக்கீறீங்க. நான் ஒருத்திதான் பார்த்ததில்ல."

இத்தனை வருஷம் கூடவே வாழ்ந்த எனக்கு அவள் மனதில் அப்படி ஓர் ஏக்கம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. திருவிழாவில் போன் நீட்டிப் படம் எடுக்கப் பூசாரி விட மாட்டார். ஆகவே தன் முகத்தில் அம்மன் எப்படி இருப்பாள் என்று பார்க்க அவளுக்கு அந்தப் படத்தை விட்டால் வேறு வழியில்லை. படம் எப்போது வரும் என்று வாராவாரம் கேட்டாள். படம் என்று கேட்டாலும் அவள் கேட்டது தரிசனத்தைத்தான்.

சித்திரையில் படம் வெளியானது. அந்த ஒரு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என் கட்டுப்பாட்டை விட்டேன். அம்மனைப் பார்க்கத்தானே போகிறோம். தெருப் பெண்கள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு விரதம் இருந்து, மஞ்சள் புடவை கட்டி, இடுப்பில் வேப்பிலை செருகிக்கொண்டு வந்தார்கள். தியேட்டர் வாசலில் பையைச் சோதித்த காவலாளி தேங்காயைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"வெளியில இருந்து தின்ற பொருள் எடுத்தாரக்கூடாதுமா."

"தின்றதுக்கு இல்ல நைனா, சாமிக்கு" என்றாள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி.

"உள்ள ஏதுமா சாமி?"

"வரும். நீயும் வந்து கும்ட்டுக்கோ."

தேங்காயையும் கற்பூரத்தையும் அவர் வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே போய் உட்கார்ந்ததும் எங்கள் வரிசை முழுக்கச் செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கோயிலுக்கு வந்த மாதிரி கால் தானாகச் செய்தது. பக்கத்து வரிசைப் பையன்களிடம், இதில் வருவது என் வீட்டுக்காரி என்று நான் முன்கூட்டியே பெருமையடித்துக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு வந்தது. சந்துக்குள் கதாநாயகன் ஒருவனைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். பக்கத்துத் தெருவில் பம்பை. திடீரென்று திரை நிறைய அவள் முகம். எங்கள் வரிசையில் கைகள் தலைக்குமேல் போயின. அதே நேரம் அவள் வாயிலிருந்து யாரோ ஒருத்தியின் கரகரத்த குரல் "வெட்டு, வெட்டு" என்று கத்தியது. முகத்தில் ரத்தச் சிவப்பாக ஒரு வெளிச்சம். காமெடி நடிகர் அவளைப் பார்த்து அலறி, பக்கத்திலிருந்த விளக்குக் கம்பத்தில் தாவி ஏறிக்கொண்டு, "என் மாமியாரு இங்கயும் வந்துட்டாளா" என்றார். தியேட்டர் குலுங்கியது. விசில். பக்கத்து வரிசைப் பையன்கள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

தூக்கிய கைகளை எப்போது இறக்குவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. என் மனைவி மட்டும் கையெடுக்கவில்லை. முன்னால் குனிந்து, கண் கொட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் போய் வேறு காட்சிகள் வந்தபிறகும் அப்படியேதான் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து பூஜை விளக்கை ஏற்றிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "அது நான் இல்ல. அம்மாவும் இல்ல. அப்ப அது யாருயா?"

நான் சினிமா தெரிந்தவனாயிற்றே. குரலைத் தனியாகச் சேர்ப்பார்கள், நிறத்தை அப்புறம் மாற்றுவார்கள், ஒரு நாள் எடுத்ததையும் இன்னொரு நாள் எடுத்ததையும் ஒட்டுவார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

அந்தத் துண்டுக் காட்சி போனுக்குப் போன் போயிற்று. மீன் வாங்கப் போனால், "யக்கா, வெட்டுனு ஒரு தபா சொல்லேன், உடனே வெட்டித் தரேன்" என்றாள் மீன்காரி. வேண்டுமென்றே புண்படுத்துகிறவள் இல்லை, பாசமாகத்தான் கேட்டாள். என் மனைவியும் சிரித்துவிட்டுத்தான் வந்தாள். ஆனால் அதற்குப் பிறகு மீன் வாங்குவது என் வேலையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகப் படத்துக்குப் போகிறேன். அவளைக் கூப்பிட்டால், நீ போய்ட்டு வா என்கிறாள். முன்னெல்லாம் கூட்டக் காட்சி வந்தால் கதாநாயகனை மட்டும்தான் பார்ப்பேன். இப்போது கண் பின்னால் நிற்கிற முகங்களுக்குப் போகிறது. இந்தப் பெண் எந்த ஊர், எதற்காகவோ அழுததை எங்கே கொண்டுவந்து ஒட்டினார்களோ என்று நினைப்பேன். அப்புறம் கதை ஓடாது. நல்ல படங்களும் வருகின்றன என்கிறார்கள். வரட்டும். இந்த ஆள் இடைவேளை தாண்ட மாட்டார் என்று காதோடு சொல்ல யாரும் பக்கத்தில் இல்லை.

இந்த ஆடியில் திருவிழா வந்தது. அதே பம்பைக்காரர்கள், நிஜக் கரகம். மூன்றாவது பாட்டில் அவளுக்குத் தோள் நடுங்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். கால்விரல்கள் மண்ணைப் பற்றின. வருகிறாள் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதே நேரம் கூட்டத்தில் ஒரு போன் உயர்ந்தது. பிறகு இன்னொன்று, பிறகு வரிசையாக. எல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகள். "உள்ள வைங்கடா" என்று பூசாரி கத்தியது பம்பைச் சத்தத்தில் கேட்கவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். போன்களைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். பம்பைக்காரர்கள் கை ஓயும்வரை அடித்தார்கள். தோளில் நடுக்கம் அடங்கிவிட்டது. அம்மன் வரவில்லை.

கூட்டம் கலைந்தபிறகும் பக்கத்து வீட்டுக்காரி போகவில்லை. அவள் மகளுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது, இப்போது அந்தப் பெண் மூன்றாவதாக உண்டாகியிருந்தாள். அம்மனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று தாய்க்காரி காலையிலிருந்து சாப்பிடாமல் நின்றிருந்தாள்.

"யக்கா, எம்பொண்ணுக்கு அம்மா ஒண்ணும் சொல்லலியா?"

என் மனைவி முந்தானையை விலக்கினாள். "அம்மா ஒண்ணும் சொல்லலமா. நான் சொல்றேன். அடுத்த தபா ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறப்ப என்னயும் கூப்புடு. கூட வரேன்."

பக்கத்து வீட்டுக்காரி தலையாட்டினாள். ஆனாலும் உடனே போகவில்லை. இன்னும் ஏதாவது வருமா என்று என் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.