தாளம் சேர்த்த ஒப்பாரி

வில்லாபுரத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது அந்த இசை நிறுவனம். நிறுவனம் என்றால் ஒரே அறை, சுவரெல்லாம் முட்டை அட்டை. நடத்தியவரை எல்லோரும் அண்ணே என்போம். சினிமாக்காரர்கள் சீந்தாத பாடகர்களை ஊர் ஊராகத் தேடிப்போய்ப் பதிவு செய்து இணையத்தில் வெளியிடுவார். "ஒரு இருமலக்கூட வெட்ட மாட்டோம் மாப்ள. சேவல் கூவுனா அதுவும் பாட்டுதான்" என்பார். அந்தப் பேச்சில் விழுந்தவன் நான். வாரத்தில் ஆறு நாள் கே.கே. நகர் கிளினிக்கில் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மைக் தூக்கினேன்.

அப்பா இறந்தபோது அம்மா வைத்த ஒப்பாரியைப் பற்றி நான்தான் அவரிடம் வாயை விட்டேன். அடுத்த ஞாயிறே திருமங்கலம் தாண்டி எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். அம்மா மறுத்தாள். பிணம் கிடக்காத வீட்டில் ஒப்பாரி வைக்க மாட்டார்கள். "வீட்டுக்குள்ள பாடுனா இன்னொரு எழவ நாமளே கூப்புட்ட மாதிரி ஆயிரும்யா" என்றாள். கடைசியில் எனக்காகக் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பாடினாள். பாதியில் குரல் உடைந்து நின்றுவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டு, மைக்கோடு நின்ற என்னிடம் சாதாரணக் குரலில், "வெயில்ல நிக்காதய்யா, இங்கிட்டு வா" என்றாள். அதுவும் பதிவானது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுதான் மாப்ள பாட்டு" என்றார்.

வெளிவந்தபோது மூன்று நிமிடம்தான் இருந்தது. அடியில் தாளம் துள்ளியது. குரல் உடைந்த இடம் இல்லை, மூக்குச் சிந்தல் இல்லை, நான் வெயிலில் நிற்கவும் இல்லை. அண்ணனிடம் கேட்டேன்.

"இப்பிடி இருந்தாத்தான் கேப்பாங்க மாப்ள. அம்புட்டுப் பேரு கேக்குறாங்க, சந்தோசப்படு."

சந்தோஷப்பட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த ஞாயிறும் மைக் தூக்கப் போனேன்.

இந்த மாசியில் அம்மா இறந்தாள். அண்ணன் மாலையோடு வந்தார். கூடவே வேனிலிருந்து ஒரு பெரிய ஸ்பீக்கர் இறங்கியது. மரியாதை செய்கிறாராம். வாசலில் வைத்து அம்மாவின் பாட்டையே போட்டார். அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். அத்தை ஒருத்தி என்னைப் பார்த்து, "அவளே பாடுறாளேப்பா, அதுக்கு மேல நாங்க என்னத்தப் பாட?" என்றாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

நிறுத்தச் சொல்லத்தான் அண்ணனிடம் போனேன். வாயில் வந்தது வேறு.

"அண்ணே, அந்த வெட்டாத பதிவு இருக்கா?"

"அத அப்பவே அழிச்சாச்சு மாப்ள. கம்ப்யூட்டர்ல எடமில்ல. அதான் நல்லா முடிச்சது இருக்குல்ல?"

"சரிண்ணே" என்றேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். இத்தனை வருஷம் தலையில் தூக்கி வைத்து ஆடிய மனிதரை வெறுப்பதற்குக்கூட உள்ளே ஒன்றும் இல்லை. யாரோ டீ கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தேன்.

பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அம்மாவைத் தூக்கும்வரை அதுவே ஓடியது. ஊரில் எந்த வீட்டில் எழவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து பாடியவள் அம்மா. அவளுக்கு ஒருத்தியும் பாடவில்லை. நான் வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.