கையைப் பிடித்தார், முகம் பார்க்கவில்லை

பிள்ளைகளே, எழுபதுகளில், நீங்கள் பிறக்கும் முன், ஆரணியில் ஒரு டாக்டர் இருந்தார். வெள்ளைச் சட்டை, மழித்த முகம், மெல்லிய விரல்கள். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, கூட வந்தவரிடம்தான் பேசுவார். பெண்ணென்றால் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார்.

பட்டுநூல் சுற்றும்போது வயிற்றுவலியில் சுருண்டுவிட்ட உங்கள் அம்மாவை அவரிடம் கூட்டிப்போனேன். வயிற்றை அமுக்கினார். பிறகு நாடியைப் பிடித்தபடி என்னிடம், "கட்டி இருக்குது. ஜல்தியா வேலூர் கூட்டிகினு போ. அதுகிட்ட சொல்லாதே, பயந்துக்கும்" என்றார்.

அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள்!

"வயிறு என்னுதுங்க டாக்டரே. என் கையைப் புடிச்சிகினு அவர்கிட்ட சொல்றீங்களே?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்து, "பயப்பட வேணாம்னு சொல்லுப்பா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அவர் கண்டுபிடித்தது சரி. வேலூரில் கட்டியை எடுத்தார்கள், அம்மா பிழைத்தாள். நன்றி சொல்ல எலுமிச்சம்பழத்தோடு போனோம். மறுபடியும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என்னிடம், "இப்ப எப்படிப்பா இருக்குது அதுக்கு?" என்றார்.

அம்மா கையை உருவிக்கொண்டாள். பழங்களையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

உயிரைக் காப்பாற்றியவர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அந்த வலி எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அம்மாவைக் கேளுங்கள்.