"என்னை நம்பாதீங்க" என்ற தமயந்தி அம்மா

தமயந்தி அம்மா காலமான செய்தி என் மகள் மாதேஸ்வரியின் போனில் வந்தது. அவள் படித்துச் சொல்ல வாயெடுத்தாள். "குடு, நானே பாக்கறேன்" என்று வாங்கி, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தேன். நானாகப் படித்த முதல் சாவுச் செய்தி அது. படித்தும் நம்பவில்லை. போனில் வருவதெல்லாம் உண்மையா? தருமபுரியில் இருக்கும் அவருடைய தங்கையைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகுதான் நம்பினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு தரும் மருத்துவக் காப்பீட்டு அட்டை சமயத்துக்கு உதவுகிறதா என்று ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தவர் அவர். கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கும் வந்தார். விவரம் கேட்டு யார் வந்தாலும் எங்கள் வழக்கம் ஒன்றுதான். வண்டி சோளக்காட்டுக்குள் போகும், டி.வி. மேல் போர்வை விழும். வசதி தெரிந்தால் அட்டை போய்விடும் என்ற பயம்.

அன்று என் வீட்டுப் போர்வைக்குள் டி.வி. பாடிக்கொண்டிருந்தது. அணைக்க மறந்துவிட்டோம்.

அம்மா போர்வையைப் பார்த்தார். "அதுக்குக் குளிருதுங்களா?" என்றார்.

"நீங்க எங்க கார்டப் புடுங்க வந்தவங்கதானே?" என்று நேராகவே கேட்டேன்.

"இல்லீங்க. ஆனா என்னை நம்பாதீங்க. விசாரிச்சுப் பாருங்க."

ஏமாற்ற வருகிறவரும் அப்படித்தான் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களைவிட அவருக்குச் சந்தேகம் அதிகம். வைத்தியம் இலவசமாக நடந்ததா என்றால் எல்லோரும் ஆமாம் என்போம். அதோடு விட மாட்டார். "ஊசி மருந்து எந்தக் கடையில வாங்குனீங்க? பட்டியில ஆடு இருந்துச்சே, எங்க?" என்பார். நாங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். டி.வி.யையும் எழுதிவிட்டாரோ என்று எனக்குத் தூக்கமில்லை. அவர் எழுதியதை நானே படித்துப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடந்த முதியோர் கல்வி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். சந்தேகம் என்னைப் படிக்க வைத்தது. இதை எழுதும்போதுகூடச் சிரிப்பு வருகிறது.

மாதேஸ்வரிக்குச் சிறு வயதிலிருந்தே இடுப்பு மூட்டு சரியில்லை. கோலூன்றி நடந்தவள், ஒரு கட்டத்தில் அதுவும் முடியாமல் படுத்துவிட்டாள். ஆபரேஷனுக்கு அட்டை செல்லாது என்று ஓர் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள். அம்மாவிடம் அழுதேன்.

"யார் சொன்னாங்க?"

"கவுன்டர்ல ஒரு தம்பிங்க."

"என்னைய இத்தனை நாளா நம்பாத ஆளு, அந்தத் தம்பிய மட்டும் எப்படிங்க ஒரே பேச்சுல நம்புனீங்க?"

மறுநாள் கூடவே வந்தார். ஆனால் வாசலிலேயே நின்றுவிட்டார். "நான் உள்ள வந்தா எனக்காகச் செஞ்சு குடுப்பாங்க. அடுத்த ஆளுக்கு யார் வருவா? நீங்க போங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

கவுன்டருக்கு மேலே, அட்டைக்கு என்னென்ன சிகிச்சை உண்டு என்று ஒரு பலகை தொங்கியது. வாய்விட்டுப் படித்தேன். வரிசையில் நின்றவர்கள் முதலில் சத்தம் போட்டார்கள். பிறகு அவர்களும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். 'இடுப்பு மூட்டு' என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினேன்.

"பெருசு, அது பழைய போர்டு" என்றார் அந்தத் தம்பி.

"பழசுன்னா ஏன் தம்பி இன்னும் தொங்குது?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். தம்பி உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து அட்டைக்குக் கை நீட்டினார்.

ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகும், எல்லாம் இலவசமாகவே நடந்தது என்ற என் பேச்சை அம்மா எடுத்துக்கொள்ளவில்லை. என்னை வெளியே அனுப்பிவிட்டு மாதேஸ்வரியைத் தனியாக விசாரித்தார்.

நேற்று அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போனார்கள். எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். மாதேஸ்வரி நிற்கவில்லை.

"பொம்பளைங்க வரக் கூடாதும்மா" என்றார் ஒரு பெரியவர்.

"நடக்க முடியாதப்ப வூட்டோட கெடந்தேன். இப்ப முடியுதுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். கையில் கோல் இல்லாமல், வெயில் மண்ணில் வெறுங்காலோடு எல்லோருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

போய் வாருங்கள், அம்மா. உங்களை வழியனுப்ப அவள் நடந்தே வந்தாள்.